இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு கதவு

கிளட்ச் அக்கா என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் ஆள் தெரியும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவள் போடும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். நடுரோட்டில் வண்டி நின்றுபோய், பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தாலும் பதறமாட்டாள். மகள் காலேஜில் படிக்கும் வயதில் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டபோதும் அப்படித்தான். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மருந்துக்கடைக்காரர்.

சிக்கல் அந்தச் சுவரில்தான் இருந்தது. கட்டடம் பழங்காலத்து மாளிகை. 'பாதுகாக்கப்பட்டது' என்று வாசலில் அரசாங்கப் பலகையே உண்டு. எப்போதோ அதை வீடுகளாகப் பிரித்திருந்தார்கள். இருவர் வீடும் ஒரே மாடியில், ஒட்டியபடி. மாடிப்படிதான் வேறு வேறு. இங்கிருந்து அங்கே போக, படியிறங்கித் தெருவுக்கு வந்து, மூலையைச் சுற்றி மறுபடி ஏற வேண்டும். அவர் வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. இவள் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் மகள். எந்த வீட்டையும் காலி செய்ய முடியாது. கையில் சூடான பாத்திரமும் தலைக்கு மேல் குடையுமாக, புருஷனும் பெண்டாட்டியும் தெருவில்தான் எதிரெதிரே சந்தித்துக்கொண்டார்கள்.

"நடுவுல ஒரு கதவு வச்சா தீர்ந்தது" என்றாள்.

"டீச்சர், இங்க ஆணி அடிக்கவே அனுமதி வேணும்" என்றார் அவர். பல வருஷமாகக் கூப்பிட்டுப் பழகிய 'டீச்சர்' கல்யாணத்துக்குப் பிறகும் அவர் வாயை விட்டுப் போகவில்லை.

"வேணும்னா வாங்கிட்டுப் போறோம். கேட்டா என்ன, கடிச்சா தின்னுடப் போறாங்க?"

முன்னறைச் சுவரில் அகலமான கதவு கேட்டு விண்ணப்பித்தாள். காரணம் கேட்ட இடத்தில் 'கல்யாணம்' என்று ஒரே சொல்லை எழுதினாள். மறுத்துவிட்டார்கள். அடுத்த நாளே நேராக அனுமதி தரும் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்த பெண் இன்ஜினியரின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அந்தச் சுவர்ல மேல பூவேலை இருக்குங்க. சுண்ணாம்புல கையாலயே செஞ்சது. ஒரு தடவை உடைச்சா போச்சு" என்றார் இன்ஜினியர்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். அந்தப் பூக்களை ஒட்டடை அடிக்கும்போது மட்டும்தான் அவள் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். "சரி மேடம், அதைத் தொடல. எங்க உடைக்கலாம்னு நீங்களே வந்து காட்டுங்க."

"இடம் காட்டுறது எங்க வேலை இல்லையே."

"அப்ப நான் ஒவ்வொரு சுவரா கேட்டு எழுதிப் போடுறேன். எங்க வீட்டுல சுவருக்கா பஞ்சம்?"

இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். சொன்னபடி ஒரு காலையில் வந்தார். சுவர்களைத் தட்டினார், அளந்தார், பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்தார். கடைசியில் இரண்டு வீட்டின் சாமான் அறைகளும் முட்டிக்கொள்ளும் இடத்தில் நின்றார்.

"இது வீட்டைப் பிரிக்கும்போது எழுப்பின சுவர். இதுல தரலாம். ஆனா அகலமா வராது."

அக்காவின் முகம் சுருங்கியது. முன்னறையில் எல்லோரும் ஒன்றாக உட்காருவதாக மனசுக்குள் கோட்டையே கட்டியிருந்தாள். இங்கேயோ இந்தப் பக்கம் பழைய டயர், அந்தப் பக்கம் மருந்து அட்டைப்பெட்டி.

"ஆள் நுழையுமா?"

"தாராளமா."

"அப்ப போதும் மேடம்."

எப்போது வேண்டுமானாலும் பழையபடி அடைத்துவிடக்கூடிய விதத்தில் கதவை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. மருந்துக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "அதாவது, நமக்குள்ள சண்டை வந்தா அடைச்சுக்கலாம்" என்றார்.

"அடைக்கிறதுக்கும் அவங்ககிட்டதான் போய் நிக்கணும். அதனால வாயை மூடிட்டு இருங்க."

சுவர் திறந்த அன்று, தூசி அடங்குமுன் அக்கா அந்தப் பக்கம் நுழைந்தாள். மாமியார் படுக்கையிலிருந்தே தலையைத் தூக்கினார்.

"யாரும்மா அது, சுவருக்குள்ளேருந்து வர்றது?"

"நான்தான் அத்தை."

"ஏன் மூச்சு வாங்கல?"

"படியேறல அத்தை. கதவு வச்சாச்சு."

கிழவி அதை நம்பச் சற்று நேரமாயிற்று. பிறகு, "உன் பொண்ணையும் வரச் சொல்லு. பேத்தின்னு பேரு, இன்னும் முகத்தைக்கூடச் சரியா பாக்கல" என்றார். மகள் புத்தகத்தோடு வந்தாள், தலைமுடியில் சுண்ணாம்புத் தூசியோடு. படுக்கையோரம் உட்கார்ந்தவள், அன்றைய பாடத்தை அங்கேயே படித்து முடித்தாள்.