ஈயக்கட்டி வாரும் பச்சை வாரும்

பர்ஸானா தன் கணவனின் வலது காலில் துணிக்கடை ஷொப்பிங் பேக் ஒன்றை மாட்டி, அதன்மேல் ரப்பர் உடுப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். பேக் மாட்டிய கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. மாட்டாத கால் முழங்காலோடு நின்றுவிட்டது.

"தேங்காயெண்ணெ தடவினா என்ன?" என்றான் மஹ்ரூப்.

"தடவலாம், பொரிச்சும் எடுக்கலாம். மத்தக் கால நீட்டுங்க."

குவைத்தில் படுக்கையிலிருந்த தொண்ணூறு கிலோப் பெண்மணிக்குப் பதினொரு வருடம் உடுப்பு மாற்றியவள் பர்ஸானா. ஆள் சம்மதிக்கிறாரா இல்லையா என்பது அவளுக்கு ஒரு பொருட்டே அல்ல. சொந்த ஊரான கலேவெலைக்குத் திரும்பிய பின் அந்தத் திறமை சும்மா கிடந்தது. சீகிரியா ஹோட்டலொன்றில் குளிப்பவர்களுக்குத் துவாய் கொடுக்கும் மஹ்ரூப், நீச்சல் தடாகத்தில் வெளிநாட்டவருக்கு நீருக்கடியில் சுழியோடப் பழக்கும் பிரிவில் உதவியாளாகச் சேர ஆசைப்பட்டதும் அதற்கு வேலை வந்தது. மறுநாள் காலை பயிற்சியாளர் ரொஷானுக்கு முன்னால் அவன், பழகிப்பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சுழியோடும் சாமான்களைப் பிழையில்லாமல் அணிந்து காட்ட வேண்டும். தவறினால் மறுபடியும் துவாய்தான்.

போன கிழமை காற்றுச் சிலிண்டரை நெல்மூட்டை போலத் தலைக்கு மேலால் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டவன், மூன்று நாள் நண்டு மாதிரி நடந்தான். அதனால் பர்ஸானா இன்று வெறும் கேஸ் சிலிண்டரை, முதுகில் காற்றைச் சுமக்கும் சுழியோடிச் சட்டையோடு கயிற்றால் கட்டி மேசையில் நிறுத்தினாள்.

"பாரத்துக்கிட்ட நாம குனியக்கூடாது, பாரம் நம்மக்கிட்ட வரணும். உக்காருங்க. ரெண்டு கையையும் நுழைங்க. பட்டியெல்லாம் மாட்டியாச்சா? இப்ப முன்னுக்குச் சாஞ்சு, கால ஊண்டி எழும்புங்க. நான் பின்னால பிடிக்கிறேன்."

எழும்பினான். முதுகு மறுப்புச் சொல்லவில்லை.

அந்நேரம் வந்த அவனுடைய மூத்த சகோதரி உம்மு குல்தூம் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அல்லாஹ்வே! தம்பி இந்தக் கோலத்திலயா கேஸ் மாத்தப் போறான்?"

"நாளைக்குச் சோதனை மைனி. உள்ளுக்கு வாங்க."

கடைசியாக ஈயக்கட்டி கோத்த வார். ஆள் மிதக்காமல் தாழ்வதற்கு அது. ஆபத்து வந்தால் ஒரே இழுப்பில் கழற்றி விழுத்த வேண்டும். இந்த விஷயத்தில் மஹ்ரூப் மனைவியை அண்டவிடவில்லை. இருபத்தைந்து வருடமாகச் சாரத்துக்கு மேல் பச்சை வார் கட்டுகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? இழுத்து இறுக்கினான். நுனியை மடித்து இரண்டு தரம் உள்ளே செருகினான். தட்டியும் பார்த்தான்.

"பஸ்ஸில தொங்கினாலும் கழலாது."

"அதுதான் கேடு. கட்டில்ல ஆளக் கட்டுற பட்டியே ஒரு இழுப்புல அவிழணும். மூச்சப் பிடிச்சு, ஒத்தக் கையால கழட்டுங்க. பத்து எண்ணுறேன்."

இருபத்தாறு வரை எண்ணினாள். மஹ்ரூப் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தான்.

"நீங்க மௌத்தாகிப் பதினாறு செக்கன்."

"ஜனாஸாவ இந்த உடுப்போடயா எடுக்கிற?" என்று விசாரித்தாள் உம்மு குல்தூம்.

ஏழு தரம் பழகினார்கள். ஏழு தரமும் அவன் கை தானாகப் போய் நுனியைச் செருகியது.

"வார் கழண்டா மானம் போகுமேன்னு கைக்குப் பயம்" என்றான் அவன் பரிதாபமாக.

"இந்த உடுப்பக் கழட்டவே ரெண்டு பேர் வேணும். உங்க மானம் பத்திரமாத்தான் ஈக்கிது."

கைக்குப் பழக்கம் விட்டுப்போகட்டும் என்று பச்சை வாரை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அன்று மஃரிப் தொழுகைக்கு மஹ்ரூப் இரண்டு கைகளாலும் சாரத்தைப் பிடித்தபடி பள்ளிக்குப் போனான். சலாம் சொல்லிக் கைநீட்டியவர்களுக்கு முழங்கையை நீட்டினான்.

மறுநாள் காலை பர்ஸானா ஹோட்டலில் துவாய் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பேக், உடுப்பு, உட்கார்ந்தபடி சட்டை, எல்லாம் ஒழுங்கு. ஈயக்கட்டி வாரை இடுப்பில் கொளுவினான். கை நுனியைத் தேடிப் போனது, நடுவழியில் நின்றது. நுனி தொங்கியபடியே இருந்தது.

"விடுங்க!" என்று கத்தினார் ரொஷான்.

ஒரே இழுப்பு. வார் தடாகத்தில் விழுந்தது. அதே கணத்தில் மஹ்ரூப் இரண்டு கைகளாலும் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"மஹ்ரூப் நானா, கைய எடுங்க. ஒண்ணும் அவிழல்ல" என்றார் ரொஷான், தாளில் சரி போட்டபடி.

பர்ஸானா வியர்வையில் ஈரமான ஷொப்பிங் பேக் இரண்டையும் உதறி, வெயிலில் காயப்போட்டாள்.