பின் தெருவுக்குப் போய்ச் சாப்பிடுங்கோ

மற்றவர்கள் பேய்க்கதை சொன்னால் எனக்குப் பயம் வராது, எரிச்சல்தான் வரும். நான் படித்தது மின்சார வேலை. வீட்டில் விளக்கு அணைந்தால் பியூஸைப் போய்ப் பார்க்கிற ஆள், சாமிப்படத்தைப் பார்க்கிற ஆள் இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டதும் நீங்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்கள் இடத்தில் நானும் அப்படித்தான் வைத்திருப்பேன். அதோடு இது நடந்தது நடுச்சாமத்திலும் இல்லை, சுடலையிலும் இல்லை. கனடாவில், யூனியன்வில்லில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் சாப்பிட்ட பிறகு, நல்ல வெளிச்சத்தில் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மென்ட் அறையில் இருந்தேன். அகதி வழக்கு வென்று மூன்று வருடமாகியும் என் வதிவிடப் பேப்பர் வரவில்லை, ஊரிலிருந்து அடையாளப் பத்திரம் வேண்டும் என்கிறார்கள், ஊரிலோ அந்தப் பத்திரம் இருந்த வீடே இல்லை. கனடாவை விட்டு ஒரு அடி வெளியே வைத்தால் திரும்பி உள்ளே வரலாமா என்று லோயருக்கே தெரியவில்லை. இந்த நிலையில் என்னை இன்னாருடைய மகன் என்று தெரியும் என்று கடிதத்தில் கையெழுத்து வைக்கச் சம்மதித்த ஒரே மனிதர் சிவம் அண்ணை, அப்பா வழியில் தூரத்துச் சொந்தம். ஆகவே அவர் கூப்பிட்டால் போகவேண்டும். இரண்டு பஸ் மாறி, அதற்கு மேலே அரை மணி நேரம் நடந்து, ஞாயிறு தவறாமல் போனேன்.

அந்தக் கோடையில் அவரும் மனைவி வசந்தி அக்காவும் மூன்று வாரம் ஐரோப்பா சுற்றிவிட்டு வந்திருந்தார்கள். சிவம் அண்ணை புது வீடியோக் கமரா ஒன்றில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வந்து, அந்தக் கமராவையே வயரால் டிவியில் பூட்டி, வருகிற போகிற எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். காட்டினால் பரவாயில்லை, கூடவே பாடமும் நடத்துவார்.

"பாரிஸிலை அந்தக் கோபுரத்துக்குக் கிட்ட இருக்கிற கடையிலை ஒரு நாளும் சாப்பிடாதேங்கோ, ரெண்டு தெரு பின்னாலை நடந்தா அரைவாசி விலை. ரோமிலை வாசல்லை சாப்பாட்டுப் படம் போட்டு வைச்சிருந்தா உள்ளுக்கை கால் வைக்கக்கூடாது. கோப்பியை நிண்டு குடிக்கோணும், இருந்தியோ, கதிரைக்கும் சேத்துக் கறந்துபோடுவான். தண்ணிப் போத்தில் வாங்காதேங்கோ, ரோட்டுப் பைப்பிலை ஐஸ் மாதிரித் தண்ணி ஓடுது. உதெல்லாம் ஒருத்தரும் சொல்லித் தரமாட்டினம், நானாக் கண்டுபிடிச்சது."

நயாகராவின் அமெரிக்கக் கரைக்கே போக முடியாத எனக்கு, ரோமில் எப்படிக் கோப்பி குடிப்பது என்று பாடம். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். நாலாவது ஞாயிறோ ஐந்தாவதோ, அதுவரை நான் டிவியைப் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கம்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு ஏனோ நிமிர்ந்தேன்.

பாரிஸ். வெளியே போட்ட மேசையில் வசந்தி அக்கா ஏதோ சாப்பிடுகிறா, பின்னால் சிவப்புத் துணிக்கூரை போட்ட கடை, அதன் வாசலில் ஒரு ஆள் நிற்கிறார். இடது காலில் மட்டும் நின்று, வலது பாதத்தை மற்றக் காலின் முழங்காலடியில் ஊன்றி, கொக்கு மாதிரி. நம்பினால் நம்புங்கள், என் அண்ணன் குகன் அப்படித்தான் நிற்பார். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் விடாத பழக்கம். கொழும்புக்குப் போகிற வழியில் ஆறு வருடத்துக்கு முன்னால் பஸ்ஸை மறித்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்துத் தங்கி, அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் படத்தைக் காட்டிக்கொண்டு திரிகிறா.

"அண்ணை, ஒருக்காப் பின்னுக்கு விடுங்கோ."

"ஏன்ரா?"

"அந்தக் கடை வாசல்லை நிக்கிறவரை ஒருக்காப் பாக்கோணும்."

திருப்பி விட்டார். ஆறு, ஏழு வினாடிதான், முகம் நிழலில். எங்கள் ஆள் என்று தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. "உவர் ஆரோ கோப்பை கழுவுற எங்கட பெடியன். பாரிஸிலை எந்தக் குசினியைத் திறந்தாலும் தமிழன்தானே" என்றார் சிவம் அண்ணை. அதுவும் உண்மைதான். நானும் எனக்கு அதையே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ரோம் வந்தது. பெரிய நீரூற்று, சனம், சிவம் அண்ணை முதுகைக் காட்டிக்கொண்டு காசு எறிகிறார். சனத்துக்குப் பின்னால் ஒரு சுவரோடு, அதே ஆள், அதே ஒற்றைக்கால். நான் எழும்பிப்போய்க் கமராவைப் பிடுங்கிவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். திரும்பத் திரும்ப, பாரிஸ் வரைக்கும் பின்னுக்கு விட்டுப் பார்த்தேன். வந்திருந்த மற்ற விருந்தாளிகள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்கள். சிவம் அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது.

வசந்தி அக்காதான் மெதுவாகச் சொன்னா. "உந்தத் தம்பியோடை நான் கதைச்சனான் எல்லே. பாரிஸிலை அவர்தான் வந்து, இதிலை சாப்பிடாதேங்கோ, பின் தெருவுக்குப் போங்கோ எண்டவர். ரோமிலையும் ஒரு தம்பி வந்து படம் போட்ட கடைக்குப் போகவேண்டாம் எண்டவர். நான் அது வேறை ஆள் எண்டெல்லோ நினைச்சன்."

"நீ சும்மா இரு. அதெல்லாம் நான் கண்டுபிடிச்சது" என்றார் சிவம் அண்ணை.

"நீங்கள் எங்கை கண்டுபிடிச்சனீங்கள்? நீங்கள் கமராவுக்குள்ளை கண்ணை விட்டுக்கொண்டு நிண்டனீங்கள்."

"பேர் கேட்டனீங்களா அக்கா?" என்றேன்.

"இல்லையடா. சொல்லிப்போட்டு அவர் தன்ர பாட்டிலை போயிட்டார்."

அதற்குப் பிறகு புருஷன் பெண்சாதிக்கு நடந்த சண்டையில் என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கு அந்த வீடியோ ரேப் நாடாவைப் பிரதி எடுத்து ஒரு கொப்பி வேண்டும் என்று கேட்டேன். சிவம் அண்ணை கமராவைப் படக்கென்று நிற்பாட்டிப் பைக்குள் வைத்து, "வாற ஞாயிறு பாப்பம்" என்றார். கடிதத்தில் அவர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கிழமை முழுவதும் நான் மனிதனாக இல்லை. டிவியில் தெரிந்த அந்தப் பாரிஸ் கடையின் பெயரை எழுதி வைத்திருந்தேன், அங்கே இருக்கிற என் சிநேகிதன் ஒருவனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவன் நேரே போய் விசாரித்துவிட்டு, அந்தக் கடையில் தமிழர் ஒருவரும் வேலை செய்ததே இல்லை என்றான். "பேசாமல் நீயே ஒருக்கா வந்து பாரன்" என்றான். வந்து பாரன்! எனக்கு வந்த கோபத்துக்குப் போனை உடைத்திருப்பேன், அது வீட்டுக்காரருடைய போன்.

அடுத்த ஞாயிறு, தெரிந்த ஒருவருடைய விசிஆர் பெட்டியைக் கொப்பி எடுப்பதற்காக இரவல் வாங்கி, இரண்டு பஸ்ஸிலும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ரேப்பைப் போட்டால் முதலில் பலூன் வருகிறது. பிறகு கேக். சிவம் அண்ணையின் மகளுக்கு நடுவில் புதன்கிழமை பிறந்தநாள், கமராவுக்குள் எந்த ரேப் இருக்கிறது என்று பார்க்காமல் மனுஷன் பதிவுப் பொத்தானை அமத்தியிருக்கிறார். நான் பின்னுக்கு விட்டு வைத்திருந்த ரேப். பாரிஸ் இருந்த இடத்தில் பிள்ளைகள் மெழுகுவர்த்தி ஊதுகிறார்கள், ரோம் இருந்த இடத்தில் பெரியவர்கள் பேப்பர்க் கோப்பையில் சோடா குடிக்கிறார்கள்.

"எல்லாம் உன்னாலைதான்" என்றார் சிவம் அண்ணை. கண் கலங்கியிருந்தது. "நீ றிவைண்ட் பண்ணாமல் விட்டிருந்தா என்ர பாரிஸ் இருந்திருக்கும். எவ்வளவு காசு, எவ்வளவு அலைச்சல்." சொல்லிவிட்டுப் புல்லு வெட்டுகிற மெஷினை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவரை ஏசவும் முடியவில்லை, என்னை ஏசாமல் இருக்கவும் முடியவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு கிடைத்த ஏழு வினாடியை நானே என் கையால் அழித்திருக்கிறேன்.

வசந்தி அக்கா கோப்பி கொண்டுவந்து வைத்தா. "மிச்சம் கொஞ்சம் கிடக்கடா, வியன்னா. அது அழியேல்லை. அவர் அதைப் போட்டுக் காட்டுறேல்லை, கமராவை நிப்பாட்ட மறந்து தோளிலை கொழுவிக்கொண்டு நடந்திட்டார், கல்லும் சப்பாத்தும்தான் தெரியும். ஆனால் அங்கையும் ஒருத்தர் வந்து கதைச்ச ஞாபகம்."

போட்டோம். ஒரு பெரிய கிறிஸ்தவக் கோயிலின் நிறநிறக் கூரை, பிறகு படம் தலைகீழாகச் சரிந்து நடைபாதைக் கற்கள், சிவம் அண்ணையின் சப்பாத்து, குதிரை வண்டி போகிற சத்தம். வெளியே புல்லு மெஷின் வேறு அலறுகிறது. நான் காதை டிவியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு குரல், கமராவுக்குப் பக்கத்திலேயே, நிதானமாக.

"வசந்தி அக்கா, இந்தக் கோயிலடியிலை சாப்பிடாதேங்கோ. பின் தெருவுக்குப் போய்ச் சாப்பிடுங்கோ. மேசையிலை வைக்கிற பாண் துண்டைத் தொட்டா அதுக்கும் காசு. நான் வாறன்."

அவ்வளவுதான். ஆளின் நிழல் கூட விழவில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல், இரத்தத்துக்குத் தெரிந்த குரல் என்று ஒன்று உண்டே, அது. நான் கம்பளத்தில் குந்தியிருந்து அழுதேன். வசந்தி அக்கா என் முதுகைத் தடவினா.

கொப்பி எடுக்கலாம் என்றால் விசிஆரைப் பூட்டுகிற வயரை நான் கொண்டுவரவில்லை. சுமந்து வந்த பெட்டியை ஓங்கி மிதிக்கவேண்டும் போல இருந்தது. வசந்தி அக்கா மகளின் அறைக்குப் போய்ச் சின்ன ரேப் றெக்கோடர் ஒன்றை எடுத்துவந்தா, அதை டிவிக்கு முன்னால் பிடித்து, குரலை மட்டும் ஒரு கசெற்றில் பதிந்தோம்.

அப்போது கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் அந்தக் கசெற்றை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கென்று இன்னொன்றில் பதிந்து வைத்துக்கொண்டேன். கடிதத்தில் வேறொன்றும் எழுதவில்லை, "அம்மா, இதைக் கேளுங்கோ, கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ" என்று மட்டும். பெற்ற தாய்க்குத் தெரியாதா, அவ வாயால் வரட்டும் என்று இருந்தேன். ஒரு மாதம் போனது. அம்மா இருந்த வீட்டுக்காரரின் நம்பருக்கு ஒரு ஞாயிறு காலமை எடுத்தேன்.

"கேட்டனீங்களா அம்மா?"

"கேட்டனான்." குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை. "ஏன் தம்பி இப்படிச் செய்தனி? நான் என்ன குழந்தையே?"

"என்னம்மா சொல்லுறியள்? அது அண்ணையின்ர குரல் அம்மா!"

"உன்ர குரலை எனக்குத் தெரியாதே? நீ கதைச்சுப் பதிஞ்சுபோட்டு, அவன் எண்டு எனக்கு ஆறுதல் சொல்லப் பாக்கிறாய். ரெண்டு பேரையும் நான்தான் பெத்தனான். அது நீ."

நான் சத்தியம் செய்தேன், கெஞ்சினேன், அந்தப் பக்கமே நான் போனதில்லை, எனக்குப் பேப்பரே இல்லை என்று கத்தினேன். போன் காட்டில் காசு முடியப்போகிறது என்று இடையில் ஒரு பொம்பிளைக் குரல் இங்கிலிஷில் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா அழவும் இல்லை. கடைசியாக, "அது கிடக்கட்டும், ஆர் அந்த வசந்தி அக்கா?" என்று கேட்டா. லைன் அறுந்தது.

வசந்தி அக்காவை நான் கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவேன் என்பதால், அந்தச் சொல் அதுவரை என் காதில் தனியாக விழவே இல்லை. அண்ணனோ அவவைக் கண்டதே இல்லை, சிவம் அண்ணை அவவைக் கட்டினது கனடாவுக்கு வந்த பிறகுதான். அந்த நிமிடமே யூனியன்வில்லுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, வியன்னாவிலை அந்த ஆளிட்டை உங்கட பேரைச் சொன்னனீங்களா?"



"இல்லையடா" என்றா. "எங்கட இவர் என்னை 'இஞ்சை' எண்டுதானே கூப்பிடுறவர். மூண்டு கிழமையும் அங்கை ஒருத்தருக்கும் என்ர பேர் தெரியாது."

சிவம் அண்ணை கையெழுத்து வைத்தார், என் பேப்பரும் இரண்டு வருடத்தில் வந்தது, பாஸ்போட்டும் வந்தது. அண்ணனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அம்மா கண்ணை மூடும்வரை அந்தக் கசெற்றைப் பற்றி என்னோடு பேசவே இல்லை. கலியாணம் கட்டின புதிதில், ஒரு கதையும் சொல்லாமல் என்னிடமிருந்த கசெற்றை என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"நீங்கள் வியன்னாவுக்கு எப்ப போனனீங்கள்?" என்று கேட்டாள்.

அந்த ஒலிப்பதிவில் வியன்னா என்ற பெயரே இல்லை.