கடைசி நம்பர்

எங்கள் அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு, அது அவர் நடையிலேயே தெரியும். தோட்டத்துக் கடையில் எல்லார் வீட்டுக்கும் பற்று உண்டு, எங்கள் வீட்டுக்குக் கிடையாது. ஒரு தீப்பெட்டி என்றாலும் காசை வைத்துவிட்டுத்தான் தொடுவார். நம்ம வாசல்ல ஒரு பய வந்து நின்னு குரல் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். முடியாதுதான். ஆனால் எங்கள் வீட்டில் மேசை விசிறி கிடையாது, தையல் மெஷின் கிடையாது. நான் அக்காவின் பழைய சப்பாத்தில் பஞ்சை அடைத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அந்தப் பெருமையில் எனக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான்.

செமோர் டவுனைத் தாண்டி உள்ளே இருக்கும் ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், அப்பாவும் அம்மாவும் அங்கே மரம் சீவினார்கள் என்று அர்த்தம். எழுபதுகளின் கடைசி, எனக்கு ஒன்பது வயது இருக்கும். எங்கள் லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தோட்டத்து வரிசை வீடுகளில், பத்து வீடு சேர்ந்து கூட்டுக் கட்டுவார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சம்பள நாளன்று ஒவ்வொரு வீடும் ஒரே அளவு பணம் போடும், சேர்ந்தது மொத்தமும் அந்த மாதம் ஒரு வீட்டுக்குப் போகும். அடுத்த மாதம் வேறு வீட்டுக்கு. யாருக்கு எந்த மாதம் என்று தொடக்கத்திலேயே சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிடுவார்கள். முதல் நம்பருக்கு அடிபிடி. கடைசி நம்பரை எங்கள் அப்பாவைத் தவிர ஒருத்தரும் சீந்தமாட்டார்கள். அவரோ வருடா வருடம் குலுக்கலுக்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். முன்னால் எடுத்தால் கடன், கடைசியில் எடுத்தால் சேமிப்பு என்பது அவர் கணக்கு. "என் காசை நானே திரும்ப வாங்குறேன், எவனுக்கும் நான் பாக்கியில்ல" என்பார். அப்போதெல்லாம் அம்மா அடுப்படியில் எதையாவது டங்கென்று வைப்பார்.

அந்த வருடம் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போகிறார்கள், லயமும் போய்விடும் என்று பேச்சு வந்தது. யாரோ வந்து நிலத்தை அளந்து, லயத்துக்குப் பின்னால் சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். எங்களுக்குக் கொண்டாட்டம். முளைக்கு முளை தாண்டிக் குதித்து, விழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, அடடா, அந்த மாதம் மாதிரி நாங்கள் விளையாடியதே இல்லை.

அம்மாவின் தம்பி ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய மாமா, தண்ணிகூடக் குடிக்காமல் ஆரம்பித்தார். "அக்கா, எங்க வேலையிடத்துக்குப் பக்கத்துல மலிவு வீடு கட்டுறாங்க. இந்த மாசத்துக்குள்ள டெபோசிட் கட்டணும். மிச்சத்துக்கு பேங்க்ல லோன் போட்டுக்கலாம் லா, நான் கையெழுத்துப் போடுறேன்."

எத்தனை வருஷம் கட்டணும் என்று அப்பா கேட்டார். மாமா சொன்ன பதிலில் எழுந்தே விட்டார். "அப்ப நான் செத்தாலும் கடன் உயிரோட இருக்கும். கடன் இல்லாம படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும், மச்சான்."

"படுக்க முதல்ல ஒரு வீடு வேணும்ல" என்றார் அம்மா.

கூட்டில் முதல் நம்பர் எடுத்தால் டெபோசிட் ஆகிவிடும் என்பது அம்மாவின் திட்டம். தோட்டத்துக் கம்பெனிக்காரன் அப்படியெல்லாம் நடுத்தெருவில் விட்டுவிட மாட்டான் என்பது அப்பாவின் நம்பிக்கை. ஒரு வாரம் இரண்டு பேரும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். அப்பாவைச் சாப்பிடச் சொல்லு. அம்மாகிட்ட பசிக்கலன்னு சொல்லு. எனக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

என் கவலையோ வேறு. ரப்பர் பால் லோரி ஓட்டும் லோரி அண்ணே அடுத்த வீடு. முதல் நம்பர் விழுந்தால் டிவி வாங்கப்போவதாகவும், வாசலில் வைத்து லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் படம் காட்டப்போவதாகவும் அவர் ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தார். நான் பிள்ளையார் கோயிலுக்குப் போய் லோரி அண்ணேக்காக மனமுருகி வேண்டிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காக வேண்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சம்பள நாள் சாயங்காலம், கூட்டு நடத்தும் பெரியம்மா வீட்டில் எல்லாரும் கூடினார்கள். கடைசி நம்பர் வழக்கம்போல் உங்களுக்குத்தானே என்று பெரியம்மா அப்பாவைப் பார்த்துச் சிரித்தபோது அம்மா எழுந்தார். "இந்த வருஷம் எங்க சீட்டையும் டின்ல போடுங்க அக்கா." அப்பா தகரக் கூரையைப் பார்த்தார். பத்து வீட்டு முன்னால் பெண்டாட்டியை மறுத்துப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

சின்னக் கை என்று என்னைத்தான் பால் டின்னுக்குள் கையை விடச்சொன்னார்கள். முதலில் எடுத்த சீட்டில் லோரி அண்ணே பெயர். நான் துள்ளிக் குதித்தேன். ஒவ்வொன்றாக எடுத்து முடித்தபோது டின்னில் மிஞ்சிக் கிடந்தது எங்கள் வீட்டுச் சீட்டு. கடைசி நம்பரு உங்களை விடமாட்டேங்குது அண்ணே என்று வீடே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சண்டை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அம்மா பின்பக்கம் கல்லில் உட்கார்ந்து பாத்திரம் கழுவினார். அந்தக் கல்லை ஒட்டித்தான் ஒரு சிவப்பு முளை நின்றது, கரித்துணியை அதன் மேல்தான் காயப்போடுவார். கால் கழுவ வந்த அப்பா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து முளையைப் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். அம்மா தலை நிமிரவில்லை. அப்பா உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு என்னை வா என்றார்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. லோரி அண்ணே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். டிவி எங்கே வைப்பார், நான் எங்கே உட்காரலாம் என்று இடம் பார்த்துக்கொண்டே நான் காலைச் சொறிந்தேன். அந்த நேரத்துக் கொசு அப்படி.

"தம்பி" என்ற அப்பா சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். "அந்த முதல் நம்பரை எனக்குக் கொடுக்க முடியுமா? என் கடைசி நம்பரை நீ எடுத்துக்க." அப்படி ஒரு குரலை அப்பாவிடம் நான் கேட்டதே இல்லை.

லோரி அண்ணே எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துக் கால்வரை இறக்கிவிட்டார். "என்னாண்ணே இது, இதுக்குப் போயி கேட்டுக்கிட்டு. தங்கச்சி கல்யாணத்துக்கு நான் முன்னாடி எடுத்தேன்னா, நீங்க பின்னாடி நின்னதாலதானே? எடுத்துக்குங்க லா. டிவி எங்க ஓடிப்போகுது?"

டிவி ஓடித்தான் போனது. நான் லயமே கேட்க அழுதேன். அம்மாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாதே, அவனே கொடுத்தான்னு சொல்லு என்று வழியெல்லாம் அப்பா கெஞ்சினார். நானா கேட்பேன்? வாசலில் கால் வைத்ததுமே கத்தினேன். "அப்பா போயி டிவியைக் கேட்டுப் பிடுங்கிட்டாரு!" அம்மா விவரம் கேட்டார், இரண்டு தடவை கேட்டார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா பின்பக்கம் போய்விட்டார்.

வீடு கட்டி முடிந்ததும் லோரி அண்ணேதான் எங்கள் சாமான்களை ஜெலாப்பாங்கில் கொண்டுவந்து இறக்கினார். லயத்தை இடித்தபோது நாங்கள் அங்கே இல்லை. பேங்கை அப்பா பெரிய கூட்டு என்பார். மாதம் பிறந்தால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தவணை கட்டப் போவார், ஒரு மாதம் தவறியதில்லை. அம்மாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. தையல் மெஷின் தவணையில் வந்தது, ஐஸ் பெட்டி தவணையில் வந்தது. அப்பா முணுமுணுப்பார், ஐஸ் தண்ணிக்கு முதலில் கிளாஸ் நீட்டுவதும் அவர்தான். நான் அம்மா பெண். என் பேரில் இன்றைக்கு இரண்டு வீட்டுக் கடன் ஓடுகிறது, தூக்கம் நன்றாகவே வருகிறது.

அன்றைக்கு அப்பா தலைகுனிந்து கடன் கேட்கப் போனார் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வேலைக்குப் போன இடத்தில் நானும் ஒரு கூட்டில் சேர்ந்து முதல் நம்பர் எடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கினேன். கடைசி நம்பர்க்காரி அதைப் பார்த்து நல்லா இருக்கு லா என்றபோதுதான் சுருக்கென்றது. நான் ஓட்டுவது அவள் காசு. அப்படியானால் எங்கள் லயத்துக் கல்யாணமும் காதுகுத்தும் யார் காசு? கடன் வாடையே ஆகாது என்ற மனிதர் வருடா வருடம் ஒன்பது வீட்டுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறார், அது அவருக்கே தெரியாது. லோரி அண்ணேக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவர் எழுந்து நின்று கைலியை இறக்கிவிட்டார். நான் அவரையும் கொசு கடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு என் காலைச் சொறிந்துகொண்டிருந்தேன்.