சரோஜம்மாவின் வண்டி ஏன் உதைத்தது

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: கிளட்ச் இல்லாத வண்டி ஷெட்டுக்குள் நுழைந்தால், அதுவரை சும்மா நின்றிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டீ குடிக்கத் தோன்றிவிடும். மிச்சம் நிற்பவன் புதிதாகச் சேர்ந்தவன். திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் இருக்கும் எங்கள் ஷெட்டில் அந்தப் புதியவன் நான்தான்.

பாகாலா பக்கத்துக் கிராமம் எனக்கு. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டக் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் மெக்கானிக்கல். ஆனால் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸைக் கல்லூரியில் நான் பார்த்தது, குறுக்கே வெட்டிப் போட்ட படமாக மட்டும்தான். பரீட்சைக்கு அந்தப் படம் போதும், வண்டிக்குப் போதாது. கியர் உதைக்கிற வண்டியை வைத்துக்கொண்டு ஷெட் ஷெட்டாக அலைந்தவர்களுக்கும், அவர்களை அலையவிட்ட என்னைப் போன்றவர்களுக்கும் இனி வருவது புதிதாக இருக்காது.

தறி பாஷை

சரோஜம்மா நகரியில் எட்டு பவர்லூம் வைத்திருப்பவர். மகன் பாபு சாஃப்ட்வேர் வேலைக்கு அமெரிக்கா போனபோது விட்டுவிட்டுப் போன பழைய பெரிய வண்டியை இவர்தான் ஓட்டுகிறார். பின் சீட்டை மடக்கிச் சேலை மூட்டைகளை அடுக்கிக்கொண்டு, வாரம் இரண்டு தடவை திருப்பதிக் கடைகளுக்கு வருவார். இடது முட்டி சரியாக மடங்காது. கிளட்ச் மிதிக்கிற வண்டியை அவரால் ஓட்டவே முடியாது. இந்த வண்டி இல்லாவிட்டால் அவருக்கு மச்சினரின் வேன்தான் கதி. மச்சினர் கிளம்புகிறபோதுதான் அதுவும் கிளம்பும்.

வாடிக்கையாளரிடம் கேட்பதற்கென்று நானே ஒரு பாரம் தயாரித்து வைத்திருந்தேன். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், மேட்டிலா சமதரையிலா என்று கட்டம் கட்டமாக இருக்கும். பேனாவைத் திறந்து, “என்ன தொந்தரவும்மா?” என்றேன். அவர் பாரத்தை ஒரு பார்வை பார்த்தார். “நல்லா ஓடிக்கினு இருக்கிற தறியில, குறுக்க ஓடுற நாடா மாட்டிக்கினா ‘தடக்’குனு ஒரு தூக்கு தூக்கிப் போடும் பாரு, அப்படி. ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போறப்ப. ஆயுத பூஜை கழிஞ்சதுலேர்ந்து இதே ரோதனை. உன் பாரத்துல அதுக்குக் கட்டம் இல்லன்னா நீயே ஒண்ணு போட்டுக்கோ நைனா.”

ஒன்றும் இல்லை

ஷெட்டில் எனக்கு மரியாதை தேடித் தந்த ஒரே பொருள் ஸ்கேனர். வண்டியின் கம்ப்யூட்டரோடு ஒயரை மாட்டினால், என்ன கோளாறு என்று அது எண் போட்டுச் சொல்லும். மாட்டினேன். கோளாறு ஒன்றும் இல்லை என்றது. கழற்றி மறுபடி மாட்டினேன். அப்போதும் ஒன்றும் இல்லை. சமதரையில் ஓட்டிப் பார்த்தேன். நாலு தடவைக்கு ஒரு தடவை முதுகில் தட்டியது மாதிரி ஓர் உதை. அந்த நாலாவது தடவையிலும் ஸ்கேனர் சாந்தமாகவே இருந்தது.

எங்கள் ஃபோர்மேன் முனிரத்தினம் அண்ணா சித்தூர்க்காரர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், ஆனால் இன்ஜினை விட்டதில்லை. டீ டம்ளரோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார். “அதுக்குத் தெரிஞ்சா சொல்லும்டா. தெரியலன்னா ‘தெரியல’ன்னு சொல்லாது, ‘ஒண்ணும் இல்ல’ன்னு சொல்லும். உங்க ரெண்டு பேருக்கும் அந்த ஒரு குணம்தான் ஒத்துப்போகுது.”

கஷாயம்

அந்தப் பேச்சு உறுத்தியது. தெரியாது என்று சொல்லக் கூடாது என்ற பயத்தில்தான் அடுத்த தப்பைச் செய்தேன். கியர்பாக்ஸ் ஆயிலை வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். புதிதாக இருந்தால் மாதுளை ஜூஸ் மாதிரி சிவந்திருக்கும். இது சுக்குக் கஷாயம் மாதிரி இருந்தது, கருகின வாசனை வேறு. அண்ணா, “மேட்டுல ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு எழுது” என்றார். நான் கேட்கவில்லை. ‘கியர்பாக்ஸ் இறக்கிப் பிரிக்க வேண்டும்’ என்று வேலைச்சீட்டில் அழகான கையெழுத்தில் எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன். முழுப் பெயர், பட்டத்தோடு.

சரோஜம்மா சொன்னபடி பாபுவுக்குப் போன் செய்து அதைப் படித்துக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இவ்வளவு பழைய வண்டிக்கு அவ்வளவு செலவு வேண்டாம், விற்றுவிடலாம், வெள்ளிக்கிழமை ஓர் ஆளை அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டார். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சரோஜம்மா முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: “வண்டி அவன் வாங்கினது, விக்கட்டும். மறுபடி மச்சினர் வேன்ல மூட்டை மேல உக்காந்து வரப்போறது இந்த முட்டி. இதை எவன் வாங்குவான்னு அவனைக் கேட்டியா?”

ஏறினால் இறங்க முடியாது

கேட்கவில்லை. இரண்டு நாள் அந்த வேலைச்சீட்டையே எடுத்து எடுத்துப் படித்தேன். கஷாய நிறம் ஆயில் பழசு என்பதற்குத்தான் சாட்சி, கியர்பாக்ஸே போய்விட்டது என்பதற்கு இல்லை. இது எனக்கே தெரியும். வியாழக்கிழமை காலை ஷெட்டுக்கு வந்த சரோஜம்மாவிடம், “திருமலை ரோட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமாம்மா? நாலு வளைவு போதும், திரும்பிவிடலாம்” என்றேன். அவரே ஓட்டுவதாகச் சொன்னார். நான் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மலையடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பார்த்த காவலர், ஒயர் ஒயராகத் தொங்கும் என் பெட்டியைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போய், “ஏமிடி இதி?” என்றார். எனக்குப் படித்த தெலுங்கு எல்லாம் மறந்துபோனது. சரோஜம்மாதான் தெலுங்கில் எடுத்துச் சொன்னார், வண்டிக்கு நெஞ்சுவலி, இவர் ஈ.சி.ஜி. எடுக்க வந்த டாக்டர் என்று. காவலர் என்னையும் பெட்டியையும் இன்னொரு முறை சோதித்துவிட்டுச் சிரித்து அனுப்பினார்.

நாலாவது வளைவில்தான் எனக்கு உறைத்தது. ஏறுகிற ரோட்டில் ஏறத்தான் முடியும், இறங்குவதற்கு வேறு ரோடு. அடிவாரத்திலேயே குடியிருப்பவன் இதை மறந்தேன் என்றால் நம்புவீர்களா? திருமலை வரைக்கும் போனோம். வழியெல்லாம் வண்டி உதைத்தது. ஸ்கேனரில் ஒரு விஷயம் மட்டும் புதிராக இருந்தது. சரோஜம்மா லேசாகத்தான் மிதிக்கிறார், கியர்பாக்ஸோ அவர் முழு மூச்சாக மிதிப்பதாக நினைத்துக்கொண்டு கியரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஓர் உதையோடு விடுகிறது. மேலே போனதும் சரோஜம்மா, “இவ்ளோ தூரம் வந்துட்டு சாமியப் பாக்காம இறங்குவாங்களா?” என்று போனையும் செருப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டு வரிசைக்குப் போய்விட்டார். மத்தியானம் தாண்டியும் வரவில்லை. என் போனில் அண்ணா: “டெஸ்ட் டிரைவுக்குப் போனியா, தீர்த்த யாத்திரைக்குப் போனியாடா? மொட்டை போட்டுக்கினு வந்து நின்னீன்னா லீவுல எழுதிடுவேன்.”

கருப்புக் கயிறு

தரிசனம் முடிந்து வந்தவர் கையில் குங்குமப் பொட்டலம் இருந்தது. “பானெட்டைத் தெற நைனா, கயித்துக்கு வைக்கணும்” என்றார். திறந்தேன். இன்ஜினுக்குப் பின்பக்கம், காற்றுக் குழாய்க்கு அடியில் கைவிட்டு, ஒரு கருப்புக் கயிற்றைத் தொட்டுக் குங்குமம் வைத்தார். காய்ந்த எலுமிச்சம்பழம், மிளகாய், ஒரு பெரிய படிகாரக் கட்டி. திருஷ்டிக் கயிறு. நான்தான் அதை முதல் நாளே பார்த்தேனே! எங்கள் பக்கத்தில் கருப்புக் கயிறு இல்லாத வண்டி எது? எங்கள் வீட்டுச் சைக்கிளிலேயே ஒன்று உண்டு. வெளியூர்க்காரன் எவனாவது பார்த்திருந்தால், இது என்ன என்று முதலில் அதைத்தான் கேட்டிருப்பான். என் கண்ணுக்கு அது வண்டியோடு கம்பெனியிலிருந்தே வந்த பாகம் மாதிரி பட்டிருக்கிறது.

இந்த முறை குனிந்து பார்த்தேன். கயிறு மூன்று சுற்றாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது ஒரு கேபிள் மேல். நாம் எவ்வளவு மிதிக்கிறோம் என்று கியர்பாக்ஸுக்குச் சொல்கிற கேபிள் அதுதான். முடிச்சு அதை இழுத்துப் பிடித்திருந்தது, படிகாரம் குலுங்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் இழுத்தது. ஸ்கேனருக்குக் கயிறு தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். “ஏம்மா, எல்லாரும் முன்னால் பம்பரில்தானே கட்டுவார்கள்?” என்றேன். “ஆயுத பூஜைக்கு அங்கதான் கட்டினேன். எங்க தெரு ஆடு பழம், மிளகா எல்லாத்தையும் துன்னுட்டுப் போயிடுச்சு. மறுபடி கட்டினேன், மறுபடி துன்னுச்சு. பானெட்டைத் தெறந்து துன்ற ஆடு இன்னும் பொறக்கலன்னு உள்ள கட்டிட்டேன்.”

அமெரிக்கா லைன்

கயிற்றை அவிழ்த்து, அவர் மனம் கோணாமல் பக்கத்தில் எதையும் இழுக்காத ஓர் இரும்புப் பட்டையில் கட்டினேன். இறங்கி வந்து சமதரையில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. ஷெட்டில் கேபிளை அளந்து சரிசெய்து, ஆயிலை மாற்றி, மறுபடி ஓட்டினேன். உதை இல்லை. அண்ணா அன்றைய நாளை லீவில் எழுதிவிட்டு, நான் எழுதிய பழைய வேலைச்சீட்டை என் முன்னால் வைத்தார். நான் சேர்ந்து இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. வேலை நிரந்தரமா இல்லையா என்று முதலாளி சொல்ல வேண்டிய நேரம். பெரிய வேலை ஒன்றைச் சின்ன வேலையாக்கியவன் என்ற பெயரோடு, முதலில் தப்பாக எழுதியவன் என்ற பெயரும் சேரப் போகிறது. மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பாபுவுக்குப் போன் செய்தேன்.

“சார், அன்றைக்கு நான் சொன்னது தப்பு. ஓட்டிப் பார்க்காமல் எழுதிவிட்டேன். கேபிள் இறுகியிருந்தது, சரிசெய்துவிட்டோம். ஆயில் பழசுதான், மாற்றியிருக்கிறேன். மூன்று மாதம் கழித்து ஒரு தடவை பார்க்க வேண்டும். கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை.” “கேபிள் எப்படி இறுகும்?” என்றார் பாபு. சரோஜம்மா எதிரில் நின்று சொல்லாதே, சொல்லாதே என்று கையை ஆட்டினார். பொய் சொல்லவும் வரவில்லை, அவரைக் காட்டிக்கொடுக்கவும் வரவில்லை. “அது வந்து சார்…” என்பதையே மூன்று விதமாகச் சொன்னேன்.

என் அவதியைப் பார்த்துச் சரோஜம்மாவே போனைப் பிடுங்கிக்கொண்டார். “நான்தான்டா கயிறு கட்டினேன், ஊர்க் கண்ணு படாம இருக்கட்டும்னு. சிரிக்காத. நாளைக்கி வர்ற ஆளு வரட்டும் பாபு, காபி போட்டு வைக்கச் சொல்றேன், குடிச்சிட்டுப் போவட்டும். நானும் வண்டியும் கடைக்குப் போயிருப்போம்.”

தப்பான வேலைச்சீட்டை எழுத அரை நிமிடம்தான் ஆகும், திருத்துவதற்கு ஒரு மலையும் ஒரு நாள் சம்பளமும் மூன்று டம்ளர் தண்ணீரும் ஆகும் என்பதைத் தவிர, இந்தத் தொழிலைப் பற்றி உறுதியாகச் சொல்ல என்னிடம் இன்னும் வேறொன்றும் இல்லை.