வாழைக்கன்று பிடித்த பிரேக்

இன்று ஆயுத பூஜை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அக்ரஹாரம் சர்க்கிளில் வலப்பக்கம் திருப்பியதும் முன்பிரேக் தானாகப் பிடித்து வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த ஜட்கா குதிரையின் மூச்சு என் கழுத்தில் பட்டது!

ஹேண்டிலை நேராகப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன்.

"பிரேக் ஷூ தேஞ்சுபோச்சு, மாத்திடுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஷூ தேஞ்சா பிரேக் பிடிக்காது சார். இது கேக்காமலே பிடிக்குது!"

ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தேன். வாழைக்கன்றைக் கட்டிய கயிறு பிரேக் கேபிளையும் சேர்த்து இறுக்கியிருந்தது; ஹேண்டில் திரும்பினால் கேபிள் இழுபட்டு பிரேக் பிடித்தது.

கன்னட ஊர் வழக்கப்படி என்னை 'ரீ' என்று அழைக்கும் மனைவி ஓடிவந்தாள். "பூஜைக்கு நான் கட்டினது ரீ! இன்னிக்கு அவுக்கக் கூடாது."

அவிழ்க்கவில்லை. கேபிளை லீவரிலிருந்து கழற்றி, கயிற்றுக்குள்ளிருந்து உருவி, மறுபடி மாட்டினேன். வாழையும் நின்றது, வண்டியும் ஓடியது.

உங்கள் வண்டியும் இன்று முரண்டு பிடித்தால் முதலில் வாழைக்கன்றைப் பாருங்கள். யார் கட்டியது என்று மட்டும் வீட்டில் கேட்டுவிடாதீர்கள்.