கோவாவுக்குக் கவ்வாத்து

மூன்று வாரக் கோவாச் செடியின், அதாவது முட்டைக்கோசுச் செடியின், தலையைக் கத்தியால் சீவினால் ஒரு பச்சை வாசனை வரும். கொஞ்சம் கடுகு மாதிரி, கொஞ்சம் மழை விட்ட மண் மாதிரி மூக்கில் ஏறும். இதை எத்தனை பேர் அறிவார்களோ தெரியாது. புத்தியுள்ளவர்கள் யாரும் அந்தக் காரியத்தைச் செய்ய மாட்டார்கள்.

அப்போது நான் இலங்கை மலையகத்தில் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஏழாம் வகுப்பு. எட்டுக்கு ஏற வேண்டுமானால் எட்டுப் பாடங்களில் ஆறிலாவது நாற்பது புள்ளி எடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஐந்து பாடங்கள் எப்படியோ என்னோடு ஒத்துப்போயின; கணிதமும் ஆங்கிலமும் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டன; மிச்சமிருந்த விவசாயம்தான் என் தலைவிதி. அதில் பாதிப் புள்ளி பரீட்சைத் தாளுக்கு, மறுபாதி ஆளுக்கொரு பாத்தியில் நாங்கள் வளர்க்கும் எட்டுக் கோவாச் செடிகளுக்கு.

என்னுடைய எட்டும் காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி நின்றன. அப்பா தோட்டத்தில் தேயிலையைக் "கவ்வாத்து" வெட்டுகிறவர். வயதான செடியை மட்டமாக வெட்டிவிட்டால் நாலு பக்கமும் கிளைத்துக் கொழுந்து குவியும் என்பது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தேயிலைக்கு நல்லது கோவாவுக்கு மட்டும் ஆகாமல் போகுமா? அப்பாவின் கத்தியைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய், எட்டுச் செடிகளையும் ஒரே மட்டமாகச் சீவித் தள்ளிவிட்டு, பெரிய விஞ்ஞானி போல இடுப்பில் கை வைத்து நின்றேன்.

பக்கத்துப் பாத்திக்காரி பரமேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். "கோவாவுக்குப் போயி கவ்வாத்து வெட்டிப்புட்டியேடா, கிறுக்குப் பயலே! நாளைக்கி காலையில தோட்டத்து ஆளுகளுக்கு மாதிரி அதுகளுக்கும் பெரட்டு வச்சு பேரு கூப்புடுவியா?"

வீட்டில் அடி விழும் என்று காத்திருந்தேன். அப்பாவோ, "இத்தன வருசமா வெட்டுறேன், எனக்கு இது தோணலையேடா!" என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அடியே தேவலை.

பிறகுதான் அதிசயம். வெட்டுப்பட்ட தண்டில் கண் கண்ணாய்த் துளிர் வந்து, ஒவ்வொரு செடியிலும் ஒன்றுக்கு நாலாக, எலுமிச்சம்பழம் அளவில் குட்டிக் கோவாக்கள் உருண்டன. யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த விவசாய சேர், பாத்தி பார்க்க வந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"ஏன்டா இதுகளின்ர தலையை வெட்டினனி?"

"கவ்வாத்துங்க சேர்."

"அப்பிடியெண்டா என்ன?"

கேட்டாரே ஒரு கேள்வி! மட்டம் பார்ப்பது, கத்தி பிடிப்பது, காயத்தில் தண்ணீர் தங்காமல் சரித்து வெட்டுவது என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எட்டுக் கோவா வைக்கச் சொன்னா எட்டுக் குடும்பமே வச்சிருக்கிறாய்," என்றவர், புள்ளியைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்.

டிசம்பரில், வருடத்தின் கடைசித் தவணை முடிகிற நாள். எங்கள் பாடசாலை ஒரே நீள மண்டபம். வகுப்புகளுக்கு நடுவில் சுவர் கிடையாது. அதிபர் வாசிக்கிற பெயர்க்காரர் எழுந்துபோய் எட்டாம் வகுப்புக் கரும்பலகைக்கு முன்னால் உட்கார வேண்டும். இருபது அடி தூரம்தான். பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன, பரமேஸ்வரியும் போய்விட்டாள். "மு. சந்திரன்" என்று கேட்டதும் நான் நடக்கவில்லை, நடுவில் பிள்ளைகள் உட்காரும் இரண்டு வாங்குகளைத் தாண்டிக் குதித்து, ஓவென்று கத்திக்கொண்டே போய் விழுந்தேன். முழங்காலில் ரத்தம். யாருக்கு வலித்தது!

அந்த மண்டபத்தை இடித்து மாடி கட்டியாயிற்று. பெயர் வாசிக்கிற வழக்கமும் போயிற்று. எல்லாப் பிள்ளைகளும் தாமாகவே அடுத்த வகுப்புக்குப் போகிறார்கள். போன மாதம் என் மகள் தேர்ச்சி அறிக்கையை மேசையில் போட்டுவிட்டு விளையாடக் கிளம்பினாள்.

"எட்டுக்கு ஏறிட்டியாம்மா?"

"ஏறாம? எல்லாருந்தானேப்பா ஏறுவாங்க."

இதற்கெல்லாம் ஒரு கத்தல் வேண்டாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்குப் பெயர் வராத மூன்று பேர் ஏழாம் வகுப்பு வாங்கிலேயே உட்கார்ந்து, நான் கத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் பாடசாலை திறந்தபோது அவர்களில் ஒருவன்தான் திரும்பி வந்தான்.

"ஆமாம்மா, எல்லாரும் ஏறட்டும்," என்றேன். அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.