தாய்மாமனைக் கட்டியவள்

எண்பதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் கட்டிக்கொண்டது என் தாய்மாமனை. எங்கள் பக்கம் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை மட்டும் இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு ராஜஸ்தான் குடும்பம். அந்த அக்காவும் நானும் ஒட்டிப்பிறந்தவர்கள் மாதிரி இருந்தோம். அவருடைய மூன்று வயது மகள் பொழுதுக்கும் எங்கள் வீட்டில்தான். என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தால் போதும், சைக்கிளின் முன்கம்பியில் ஏறிக்கொள்வாள்.

ராஜஸ்தானிலிருந்து மாமனார் வந்துவிட்டால் அக்கா முந்தானையை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொள்வார். "இன்னாக்கா, மூஞ்சிய மூடிக்கினு எப்டி சோறாக்கறே? இதெல்லாம் ஒரு பயக்கமா?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

ஒருநாள் மேனாம்பேட்டிலிருந்து என் அம்மா வந்திருந்தார். அக்காவும் சேர்ந்து மூவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். "இவ புருசன் என் கூடப்பொறந்த தம்பிதான். கொயந்தயில இவள தூக்கிகினு திரிஞ்சவன், அவனே கட்டிக்கினான்" என்றார் அம்மா, பெருமையாக.

அக்காவின் கை நின்றுவிட்டது. "எங்க ஊர்ல மாமா, அப்பா மாதிரி" என்றார், தெரிந்த தமிழில். "நீ எப்படி அவர்கூட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"மூஞ்சிய மூடிக்கினு கீறவ, எங்களுக்கு நாயம் சொல்ல வந்துட்டியா?" என்று அம்மா சீறினார். அக்கா எழுந்து போய்விட்டார்.

மறுநாளிலிருந்து குழந்தை வரவில்லை. சைக்கிள் சத்தம் கேட்டதும் அந்த வீட்டுக் கதவு சாத்தப்படும். "குட்டிக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார் என் கணவர், கையில் கமர்கட்டோடு. அந்த மனுஷனிடம் நான் என்னவென்று சொல்வேன்? தெரியாது என்றேன்.

அதோடு போயிருந்தால்கூடத் தேவலை. முக்காட்டைப் பற்றி நான் சொன்னது எதுவும் அக்காவின் மேல் ஒட்டவில்லை. அவர் பாதியில் விட்ட பேச்சு மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து வாய் நிறையக் கூப்பிட்ட "மாமா" அன்றைக்குத் தொண்டையில் நின்றது. அப்புறம் "ஏங்க", "இந்தாங்க" என்றே காலம் ஓடியது. அவருக்குப் புரிந்திருக்கும். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. எங்களுக்குக் குழந்தையும் பிறக்கவில்லை.

போன வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். தலைமாட்டில் விழுந்து அழுதபோதும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. எந்த ஊர் நியாயம் சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தாலும், இனி யாரை நான் மாமா என்று கூப்பிடப்போகிறேன்?